ஒதுக்கீட்டுக்குப் பின் ஒரு ரெஜிஸ்டர்

தேநீருக்கு நன்றி, ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

முதலில் என் வேலையைச் சொல்கிறேன். மன்னார் நகரில் ஒரு சிறிய கந்தோரில் கம்பைலர் எழுதுகிறவள் நான். நாம் எழுதும் நிரலை, ஆபத்தில் நிற்கும் இடத்தை மற்றவர்களுக்கு அறிவிக்க மீன்பிடி வள்ளங்களில் பூட்டும் கருவியின் சிப்புக்கு விளங்கும் கட்டளைகளாக அது மாற்றும். கணக்குகளைப் பிடித்து வைத்திருக்க அந்தச் சிப்பில் ரெஜிஸ்டர் என்று சில இடங்கள்தான் உண்டு. மாற்றும் வேலையின் முற்பகுதியில் எத்தனை தற்காலிக ரெஜிஸ்டரையும் உருவாக்கலாம்; அப்போது அவை வெறும் பெயர்கள். எதற்கு எந்த இடம் என்று ஒதுக்கி முடிந்த பிறகு ஒன்றுகூட உருவாக்கக் கூடாது. நாங்கள் அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான பேசாலைக்குத் திரும்பிய காலம் போலத்தான். காணி பிரிக்கும்வரை எங்கும் கொட்டில் போடலாம். பிரித்த பிறகு போட்டால், அது இன்னொருவர் வளவுக்குள்தான்.

அந்த விதியைக் காக்கும் சோதனையை எழுதியவளும் நான்தான்.

திரும்பி வந்த வருடம், என் தம்பி நிறோஜனின் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. போனில் எல்லாரையும் கூப்பிட்டான். ஆபத்தென்று குரல் கேட்டால் வலையை அறுத்துவிட்டாவது போவது எங்கள் வழக்கம். பக்கத்தில் நின்றவர் தோமஸ் சம்மாட்டியார். சொந்த வள்ளம் வைத்திருந்தவர். அவர் போகவில்லை. தம்பியின் செத்தவீட்டில் என்னிடம் சொன்னார்: "அவன் சொன்ன இடம் எனக்கு விளங்கேல்லை, பிள்ளை. வலையும் நிறைஞ்சு கிடந்தது."

அன்றிலிருந்து அவரை வெறுத்தேன். வெறுக்கத் தொடங்கிய பிறகு எனக்கு நன்றாக நித்திரை வந்தது.

கம்பைலரில் ஒரேயோர் இடத்தில் என் சோதனையை எடுத்துவிட்டேன். ஒதுக்கீடு முடிந்த பின் அங்கே புதிதாக ஒரு தற்காலிக ரெஜிஸ்டர் பிறக்கும். இடம் காலியாக இருந்தால் தீங்கில்லை. ஆனால் ஆபத்துப் பொத்தானை அமத்தும்போது வள்ளம் நீரோட்டத்தில் இழுபட்டால், இழுபடும் வேகத்தின் கணக்கும் சேர்ந்து எல்லா ரெஜிஸ்டரும் நிரம்பிவிடும். அப்போது புதியது, வள்ளம் நிற்கும் இடத்தைக் குறித்த எண்ணின் மேல் போய் உட்காரும். கந்தோரில் கருவியை மேசையில் வைத்துத்தான் பரீட்சித்தார்கள். மேசை இழுபடாது.

சம்மாட்டியாரின் வள்ளத்தில் நானே போய்ப் பூட்டினேன்.

"இதை அமத்தினா நாங்கள் நிக்கிற இடம் ஆக்களுக்குத் தெரியுமோ, பிள்ளை?"

"ஓம், சம்மாட்டியார். பயப்பிடாதேங்கோ."

போன மாதக் காற்றில் அவர் அமத்தினார். ஊர் வள்ளங்கள் எல்லாம் வலையை விட்டுவிட்டு, கருவி சொன்னபடி கிழக்கே ஓலைத்தொடுவாய்ப் பக்கம் ஓடித் தேடின. அவர் மேற்கே தலைமன்னார்ப் பக்கம் மூழ்கிக்கொண்டிருந்தார். கூட மூன்று பேர். அவர்களின் பெயர்களைச் சற்றுமுன் வாசித்தீர்கள்; கேட்டுக்கொண்டேன்.

ஓம், கொன்றது நான்தான். ஆனால் கொடியவள் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். என் பகை ஒரே ஒருவரோடு, அதுவும் தீர்ந்துவிட்டது. அதே நிரலோடு அதே கருவி பேசாலையின் மற்ற எல்லா வள்ளங்களிலும் பூட்டியிருக்கிறது. இன்று காலையும் அவர்கள் கடலுக்குப் போனார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.