கனிசியஸின் இரட்டைக் கண்ணாடி

கனிசியஸ்: …கால் வைக்கப் போக நிலம் மேலை எழும்பி வருது, பிள்ளை. நீங்கள் தந்த கண்ணாடி கோணல்.

அனுஜா: கோணல் இல்லை அண்ணை. நானே சோதிச்சுத் தந்தது. எங்கை வைச்சு அப்பிடித் தெரியுது? வள்ளத்திலை ஏறேக்கையோ?

கனிசியஸ்: கடலுக்கு உந்தக் கண்ணாடியைக் கொண்டுபோறேல்லை. உப்புத்தண்ணி பட்டுப்போகும். வீட்டிலைதான்… குசினிப் படியிலை.

லூர்த்தம்மா: குசினிப் படியிலையோ? இஞ்சருங்கோ, கலியாணம் கட்டி முப்பது வருசம்… நீங்கள் எப்ப குசினிக்குள்ளை வந்தனீங்கள்?

கனிசியஸ்: நீ தையலிலை இருக்கேக்கை வாறனான். தேத்தண்ணிக்கு.

லூர்த்தம்மா: தேத்தண்ணியும் நான்தானே…

கனிசியஸ்: சும்மா இரப்பா. கண்ணாடிக் கடைக்கு வந்தால் பிள்ளையோடை கதைக்க விடு.

அனுஜா: சரி, சண்டை வேண்டாம். உது பைபோகல் கண்ணாடி அண்ணை. கழட்டி வெளிச்சத்திலை பிடியுங்கோ. கீழை அரைச் சந்திரன் மாதிரி…

லூர்த்தம்மா: ஓம், ஓம். ஒரு கோடு ஓடுது. கன்னத்துப் பக்கமா.

அனுஜா: அக்கா, நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லையே!

லூர்த்தம்மா: அது… மேசையிலை கிடக்கேக்கை கண்டனான்.

அனுஜா: கோட்டுக்கு மேலை, தூரத்துக்கு. கீழை, கிட்டத்துக்கு. கையிலை புத்தகம் பிடிக்கிற தூரம், அவ்வளவுதான். படி இறங்கேக்கை கண்ணை மட்டும் தாழ்த்தினால் கீழ்த்துண்டாலைதான் பார்ப்பியள். காலோ அஞ்சடிக்கு அங்காலை. அந்தத் துண்டுக்கு அது எட்டாது. மங்கிப் பெருத்து, கிட்ட வந்தமாதிரி நிக்கும்.

கனிசியஸ்: அப்ப என்ன செய்யிறது?

அனுஜா: நாடி நெஞ்சிலை முட்டக் குனிஞ்சு, மேல்துண்டாலை படியைப் பாருங்கோ. வாசிக்கேக்கை மற்றமாதிரி. தலை நிமிர்ந்திருக்க, கண் மட்டும் கீழை போகோணும்.

லூர்த்தம்மா: கையிலை சட்டி இருந்தால்?

அனுஜா: என்ன சட்டி?

லூர்த்தம்மா: ஒரு… நண்டுக்கறிச் சட்டி எண்டு வையுங்கோவன்.

கனிசியஸ்: நான் ஏன் நண்டுக்கறியோடை இறங்கிறன்?

லூர்த்தம்மா: சும்மா கேட்டனான்!

அனுஜா: சட்டி படியை மறைக்கும் அக்கா. சட்டியை மேலை வைச்சிட்டு இறங்கி, பிறகு எடுக்கிறது நல்லது.

லூர்த்தம்மா: ம்… ஒராளின்ரை கண்ணாடியை இன்னொராள் போட்டால்?

அனுஜா: கண் பழுதாகாது. ஆனால் அந்தக் கோடு அண்ணையின்ரை முகத்துக்கு அளந்தது. மற்ற ஆளுக்கு நேரே கண்மணிக்கு முன்னாலை வந்து நிக்கும். நடக்கேக்கை விழுத்திப்போடும்.

லூர்த்தம்மா: …விழுத்தும்தான்.

கனிசியஸ்: என்ன?

லூர்த்தம்மா: ஒண்டுமில்லை.

கனிசியஸ்: பிள்ளை, வந்த கையோடை இவவின்ரை கண்ணையும் ஒருக்காப் பாருமன்.

லூர்த்தம்மா: எனக்கேன்? திருநாள் வருது, பதினொரு சட்டை தைக்கக் கிடக்கு. லூர்த்தம்மாவுக்குக் கண் தெரியேல்லையாம் எண்டு குருநகரிலை கதை கிளம்பினால், ஆர் துணி தருவினம்?

கனிசியஸ்: போன கிழமை தைச்சதிலை ஒரு கை நீளம், மற்றக் கை கட்டை. அந்தக் கதை கிளம்பேல்லையோ?

லூர்த்தம்மா: அது… உங்களுக்கு ஆர் சொன்னது?

அனுஜா: அக்கா, என்ரை கைப்பையிலை ஊசி நூல் கிடக்கு. கோருங்கோ பாப்பம்.

லூர்த்தம்மா: …நூல் தடிப்புப் பிள்ளை.

அனுஜா: ஓமோம், நூல்தான் தடிப்பு. இப்ப இந்தச் சோதனைக் கண்ணாடியோடை?

லூர்த்தம்மா: …மாதாவே! ஒரே தரத்திலை…

கனிசியஸ்: சிரிக்கிறியோ, அழுறியோ?

லூர்த்தம்மா: ரண்டும்தான். இஞ்சருங்கோ… ஒண்டு சொல்லோணும். அண்டைக்குக் கறிச்சட்டியை உடைச்சது நான் சொன்னமாதிரிப் பூனை இல்லை. உங்கடை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கினனான். ரண்டு மாதமா… நீங்கள் கடலுக்குப் போக எடுத்துப் போடுறனான்.

கனிசியஸ்: தெரியும்.

லூர்த்தம்மா: தெரியுமோ!

கனிசியஸ்: கண்ணாடிக் கூட்டுக்குள்ளை நூல்தும்பு கிடந்தது. கேட்டால் நீ மாட்டன் எண்டுவாய். போடட்டும் எண்டுதான் வைச்சிட்டுப் போனனான். பிறகு நீ நொண்டி நொண்டி நடக்க… என்ரை கெட்டித்தனத்தாலை உன்ரை காலை முறிச்சிருப்பன். அண்டைக்கு வலை இழுக்க மனமே வரேல்லை.

லூர்த்தம்மா: அப்ப நீங்கள் குசினிப் படியிலை…

கனிசியஸ்: நான் எங்கை குசினிக்கு வந்தனான்!

லூர்த்தம்மா: பொய்யர்! பாவம், இந்தப் பிள்ளையையும் பேய்க்காட்டி…

அனுஜா: என்னை ஆரும் பேய்க்காட்டேல்லை அக்கா. அண்ணை நேற்றே போன் எடுத்து எல்லாம் சொன்னவர். இந்தக் கொப்பியைப் பாருங்கோ… இண்டைக்குப் பத்து மணிக்கெண்டு எழுதிக் கிடக்கிறது உங்கடை பேர்.