கழுத்தைத் திருப்பிய மயில்

ஆரணியிலிருந்து செய்யாறு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு நெசவாளரும் விலங்கியல் படிக்கும் அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“சில தீவுல, நைனா, பச்சை சிலந்திக்கு அங்கயே இருக்கற பழுப்பு சிலந்திதான் நெருங்கின சொந்தம். பக்கத்துத் தீவு பச்சை சிலந்தி தூரத்து சொந்தம்தான்.”

“பார்க்க ரெண்டு பச்சையும் ஒண்ணுதானே?”

“ரெண்டும் பச்சை இலையில வாழ்ந்துகினு இருக்குது. அதனால பல தலைமுறையில தனித்தனியா பச்சையா மாறிச்சி. ஒண்ணைப் பார்த்து ஒண்ணு மாறலை.”

அவர் திடுக்கிட்டு மடியிலிருந்த பட்டுப்புடவையைப் பிரித்தார். பார்டரில் இருந்த மயில்களெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தன.

“அகலம் பத்தாம, வால் அடங்கலைன்னுதான் நான் கழுத்தைத் திருப்புனேன். உங்க சித்தப்பன் நெய்யற மயில் பார்டரும் அதே அகலம்தானே?”

“ஆமா நைனா.”

“அப்போ அவனுக்கும் இதேதானே தோணும்! ஐயோ, டிசைனைத் திருடிட்டான்னு அம்மன் கோயில்ல நிக்க வெச்சேனே!”

“எரியற கற்பூரத்தைக் கையால அணைச்சி சத்தியம் பண்ணாரே.”

“உள்ளங்கை வெந்துபோச்சு. அப்பவும் நான் நம்பலியேம்மா.”