பூசைப் பாதையை அடைத்தவன்

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தைந்தில், மெல்பேர்னில், டண்டினொங் ரயிலில் எனக்கு எதிரே இருந்த ஐரிஷ்காரி பக்கத்து இருக்கைக்காரரிடம் ஊரில் யாரையோ திட்டிச் சத்தம் போட்டாள். அவரும் ஐரிஷ்காரர்தான், ரயிலில் ஏறிய பிறகுதான் பழக்கம். பேசியது ஆங்கிலம். எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்; பூசை, கோயில் என்பதெல்லாம் கத்தோலிக்கக் கோயிலைத்தான்.

"பூசைக்குப் போற பாதையை முள்ளுக்கம்பியாலை அடைச்சுப்போட்டான், நாசமாய்ப் போவான்!"

"எந்த ஊரிலை?"

அவள் ஊரைச் சொன்னதும் அவர் எழும்பியே விட்டார்.

"ஓடையைத் தாண்டி, வயலுக்குள்ளாலை போற பாதையோ?"

"ஓம், அதேதான்! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாமல்? சப்பாத்தைக் கையிலை கொண்டு வெறுங்காலோடை நடந்து, ஓடையிலை கால் கழுவித்தானே கோயிலடியிலை போடுறனாங்கள்!"

"என்ரை அம்மா இப்பவும் நடந்துதான் போறவ. ரோட்டாலை சுத்தினால் மூண்டு மைல், அவவாலை ஏலாது. எங்கடை குடும்பமில்லாத ஒருத்தர், அது ஊர்ப்பாதை எண்டு எழுதித் தந்தால் வழக்கு வெல்லலாமாம். அங்கை எல்லாரும் அவனுக்குப் பயம். நீங்கள் எழுதுவியளோ?"

கோயில் வழியை மறிக்கிறவன் எந்த ஊரிலும் இருக்கிறான். எனக்கே கோபம் வந்தது.

"ஆர் அடைச்சது?" என்று அவர் கேட்டார்.

"போன வருசம் அந்த வயலை வாங்கின மலையடி மைக்கல். முன்வாங்கிலை கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற கள்ளப் பக்தன்!"

அவர் முகம் சிவந்துவிட்டது.

"அவன் என்ரை தம்பி."

அவள் கைப்பையை இழுத்து மூடினாள். "அப்ப விடுங்கோ."

"ஏன் விடுறது? கடுதாசியை எடும், பிள்ளை! சின்னனிலை முதல் நன்மை வாங்கக் கோயிலுக்கு அவனை அதாலை கூட்டிக்கொண்டு போனதே நான்தான். அவன்ரை பேரையும் போட்டு எழுதுறன்."