சாமி என்று சொன்ன நடுக்கம்

"படுங்க! எல்லாரும் படுங்க!"

கத்துவது நான். முகம் மண்ணில் புதைந்திருக்கிறது. பக்கத்தில் அம்மா இருக்கிறார். அப்பா இல்லை. தங்கச்சி இல்லை. டம். டம். பிறகு சடசடவென்று விடாமல். காதுக்குள் ஊதல் சத்தம். அடுத்தது எங்கே விழும்?

தப்பு மேளச் சத்தம் கேட்கிறது. தலையைத் தூக்குகிறேன். இது வன்னி இல்லை. மலையில், லிந்துலைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டம். மாரியம்மன் திருவிழா. கரகம் வருகிறது. அதற்குத்தான் பட்டாசு. லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க நிற்கிறது. நான் மட்டும் தரையில். வெள்ளை வேட்டியெல்லாம் சேறு. நான் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

எழுந்தேன். அப்போதுதான் நடுக்கம் தொடங்கியது. முதலில் கை. பிறகு தாடை. முழங்கால். பிடித்து நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

தப்படிக்கிறவர்கள் என்னைப் பார்த்ததும் வேகமாக அடித்தார்கள். அதுதான் வழக்கம். திருவிழாவில் ஒருத்தன் உடம்பு நடுங்கினால் அது சாமி. பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். "யாரு தாயி வந்திருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பல் கிட்டிப்போச்சு. அம்மாதான் பதில் சொன்னார்.

"ஆத்தாதாங்க. ஆத்தாதான் வந்திருக்கா."

அது சாமி இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம்.

தாத்தா காலத்துக் கலவரத்தில் எங்கள் குடும்பம் மலையை விட்டு வன்னிக்குப் போனது. காடு வெட்டிக் காணி செய்தது. நான் பிறந்தது அங்கேதான். சண்டை முடிந்து, எங்களை அடைத்து வைத்த முகாமிலிருந்தும் விட்ட பிறகு, மலைக்கே திரும்பி, மாமாவின் லயத்துக் காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறைக்கு வந்தோம். அப்போது நான் சின்னப் பையன். அங்கே நடந்ததை யாரிடமும் பேசாதே என்றார் அம்மா. வந்த புதிதில் பையன்கள் என்னைப் 'புலிக்குட்டி' என்று கூப்பிட்டார்கள். அது போதாதா?

சாமி என்றால் மரியாதை இருந்தது. பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் விபூதி கேட்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க அக்கா என்றேன். சாமியே சொல்லிருச்சு என்று உடனே ஓட்டோ பிடித்தாள். என் நடுக்கத்துக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பிறகு நடுக்கம் வெடி இல்லாமலே வந்தது. வகுப்பில் கதவு படாரென்று சாத்துகிறது. அவ்வளவுதான். சோக் நடுங்குகிறது. எழுத்து புழு மாதிரி நெளிகிறது. பின் வாங்கில் ஒருத்தன் மெதுவாகச் சொன்னான், "சேருக்கு நேத்து தண்ணி கூடிப்போச்சுடா." சிரித்தார்கள். அதற்குப் பிறகு அதிபர் என் கிட்டத்தில் வந்து, மோந்து பார்க்கிற மாதிரி நின்று பேசினார். டொக்டரிடம் காட்டாமல் இனி வகுப்புக்குள் போகவேண்டாம் என்றார். இந்த வேலை போனால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் வந்தார். அன்றைக்கு அவர் பெரட்டுக்கு நின்று கொழுந்து எடுக்கப் போகவில்லை. டொக்டர் சிங்களப் பெண். நன்றாகத் தமிழ் பேசினார். நடுக்கத்துக்குப் பல காரணம் இருக்கும், ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும் என்றார். குடிப்பீங்களா? இழுப்புக்கு மருந்து எடுக்கிறீங்களா? நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? வீட்டில் யாருக்காவது கை நடுங்குமா? கேட்டுவிட்டு, சீனி வருத்தத்துக்கும் தைரொயிட்டுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார்.

தைரொயிட்டாக இருக்கவேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டேன். அதற்கு விழுங்கக் குளிசை உண்டு. வெளியே சொல்லலாம். வெட்கமில்லை.

ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"சண்டை நடந்த பக்கம் இருந்தீங்களா?" டொக்டர் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

பின்னால் நின்ற அம்மா முன்னால் வந்தார். இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தார். கைகள் நடுங்கின. என்னுடையவை போலவே.

"இருந்தோம்ங்க. எனக்கும் இது அங்கருந்து வந்ததுலருந்து இருக்கு. கொழுந்து எடுக்கிற கை சும்மா நிக்காதில்ல. அதனால யாரும் பார்க்கல."

ஒரே காம்பரா. ஒரே அடுப்பு. அம்மா தேத்தண்ணிக் கோப்பையை எப்போதும் இரண்டு கையாலும் பிடிப்பார். குளிருக்கு என்று நினைத்திருந்தேன். படித்த நான்.

டொக்டர் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டார். உட்காருங்க அம்மா என்றார். இதுவும் ஒரு வருத்தம்தான், நோய்தான், அந்தப் பயம் உடம்பில் தங்கியிருக்கலாம், இதற்கும் மருத்துவம் உண்டு என்றார். அம்மாவுக்கும் இரத்தம் பார்க்கவேண்டும். இரண்டு பேரும் கிளினிக்குக்கு வரவேண்டும். நான் வகுப்புக்குப் போகலாம் என்று அதிபருக்கு எழுதித் தந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், அங்கே யாரை இழந்தீங்க என்று.

அம்மா விரல் மடக்கினார். விரல் நடுங்கியது. கணக்குப் பிசகவில்லை.

வன்னியில் நாங்கள் ஐந்து பேர். தண்ணீர் எடுக்கப் போன அப்பா. அவரைத் தேடிப் போன சித்தப்பா. அம்மாவின் மடியிலேயே தங்கச்சி. அவள் பெயர் மல்லிகா. அந்தப் பெயரை நான் இன்றுதான் எழுதுகிறேன்.

போனது மூன்று பேர். மிச்சம் இரண்டு பேர். நான்கு கைகள். நான்கும் நடுங்குகின்றன.