கொடி விரியாத குடியரசு தினம்

தலைவர் எனக்குப் பத்து நிமிஷம் குடுத்தார். அதுல நாலு நிமிஷம் எனக்குப் பொன்னாடை போத்துறதுலயே போயிடுச்சு. மிச்சம் இருக்குற நேரத்துக்கு ஒரு குட்டிக் கதைதான் தாங்கும். சொல்லிடுறேன், கேட்டுக்குங்க.

செண்பக நகர், மூணாவது தெரு. அந்தத் தெருவுக்கு ஒரு சங்கம். சங்கத்துக்குச் செயலாளர் சபாபதி சார். சர்க்கார் ஆபீஸ்ல முப்பத்திநாலு வருஷம் ஃபைல் கட்டி ரிடையர் ஆனவர். அடுத்த வீட்டுல ஜெபமணி. லாரி டிரைவரா இருந்தவர். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு காம்பவுண்டு சுவர்.

குடியரசு தினத்துக்குக் கொடியை மடிச்சு, உள்ள பூ வச்சு, உருவாஞ்சுருக்குப் போட்டு மேல ஏத்துவாங்க இல்லையா? கீழ இருந்து ஒரு இழுப்பு... சுருக்கு அவுந்து கொடி விரியும், பூ கொட்டும், நாம கை தட்டுவோம். அந்தச் சுருக்கைப் பதினோரு வருஷமாப் போட்டது ஜெபமணி. லோடு ஏத்தித் தார்ப்பாய் கட்டின கை. ஒரு வருஷம்கூடச் சிக்கினது கிடையாது.

போன வருஷம் சபாபதி சார் நன்றியுரை சொன்னாரு. சிறப்பு விருந்தினருக்கு நன்றி. மைக் செட்டுக்கு நன்றி. மிட்டாய் வாங்கிக் குடுத்தவருக்கு நன்றி. மழை வராததுக்கு நன்றி. ஜெபமணி பேரு...? வரல. அவர் சம்சாரம் போய்க் கேட்டாங்க. "ஏன் சார், எங்க வீட்டுக்காரர் பேரை விட்டுட்டீங்களே?" அதுக்கு சார் சொன்ன பதில் என்ன தெரியுமா?

"முடிச்சு போடுறதெல்லாம் ஒரு வேலையாம்மா?"

அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வருஷம் பேச்சே இல்ல.

இந்த வருஷம் சங்கம் ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. அந்தத் தெருவை இருபத்தியாறு வருஷமாக் கூட்டுற பவுனம்மா மாசக் கடைசியில ஓய்வு பெறுறாங்க. அவங்களையே கொடி ஏத்தச் சொல்லிட்டாங்க. அந்தம்மா ஒரு வாரமாத் தூங்கல. மகளோட பட்டுப்புடவையைக் கட்டிட்டு, செருப்பைத் தெருமுனையிலேயே கழட்டிப் போட்டுட்டு வந்தாங்க.

கொடி கட்டினது யாரு? சபாபதி சார். எப்படிக் கட்டினாரு? முப்பத்திநாலு வருஷமா எப்படிக் கட்டினாரோ அப்படி. அவர் கட்டின ஃபைல் எதுவும் அதுக்கப்புறம் பிரிஞ்சதா எனக்குத் தகவல் இல்ல.

பவுனம்மா இழுத்தாங்க... வரல. மறுபடி இழுத்தாங்க... ஒரே ஒரு செவந்தி இதழ் விழுந்துச்சு. யாரோ பாதி கை தட்டி நிறுத்திட்டாங்க. சல்யூட் அடிச்ச கையை இறக்கலாமா வேணாமான்னு பெரியவங்களுக்கே தெரியல. மூணாவது தடவை இழுத்தாங்க. கம்பம் ஆடுச்சு. கொடி ஆடல.

அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "ஐயா... நான் ஏதாச்சும் தப்பா இழுத்துட்டேனா? எனக்கு வேணாம்யா. வேற பெரியவங்க யாரையாச்சும் இழுக்கச் சொல்லுங்க."

சபாபதி சாருக்கு முகம் செத்துப்போச்சு. தப்பு யாருதுன்னு அவருக்குத் தெரியாதா? இறக்கித் திரும்பக் கட்டலாம். ஆனா அவருக்குத் தெரிஞ்சதே அந்த ஒரு கட்டுதானே! என்ன பண்ணாரு? நேரா நடந்தாரு. அடுத்த வீட்டு கேட்டுக்கு. அங்க ஜெபமணி லுங்கியோட நின்னு பேப்பர் படிக்கிறாரு. பேப்பர் தலைகீழா இருக்கு.

"ஜெபமணி..."

"சொல்லுங்க சார்."

"முடிச்சு... கொஞ்சம்..."

"அதெல்லாம் ஒரு வேலையா சார்?"

சார் கேட்டுக்குப் பக்கத்துல குனிஞ்சாரு. அப்புறம் சொன்னாரு. "வேலைதான்யா. எனக்குத் தெரியாத வேலை. பதினோரு வருஷம் உன் கையைத்தான் ஊரே பாத்துக் கை தட்டியிருக்கு, நான் உன் பேரைச் சொல்லல. தப்பு என்னுதுய்யா. பாவம், அந்தம்மா தன் தப்புன்னு அழுவுது."

இதை ரகசியமாத்தான் சொன்னாரு. ஆனா கையில இருந்த கார்ட்லெஸ் மைக்கை அணைக்க மறந்துட்டாரு. ரெண்டு ஸ்பீக்கர்லயும் கணீர்னு கேட்டுச்சு. நாலாவது தெருவுலகூடக் கேட்டுச்சாம்.

ஜெபமணி பேப்பரை மடிச்சாரு. சட்டையை மாட்டினாரு. வந்தாரு. கொடியை இறக்கி, அந்தக் கட்டைப் பாத்தாரு. "சார், இது கொடி. பெண்டிங்ல போடக் கூடாது." அவ்வளவுதான் பேசினாரு. நகத்தால நெம்பிப் பிரிச்சு, பூவை அடுக்கி, சுருக்குப் போட்டு ஏத்திட்டு, பவுனம்மாகிட்ட கயித்தைக் குடுத்தாரு. "ஒத்தக் கையால இழுங்கக்கா. போதும்."

இழுத்தாங்க. ஐயோ... என்ன அழகா விரிஞ்சது தெரியுமா! பூவெல்லாம் அந்தம்மா தலையில. அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வருது அவங்களுக்கு.

தேசிய கீதம் முடிஞ்சுது. எல்லாரும் மிட்டாய்க்குத் திரும்பியாச்சு. பவுனம்மா கீழ கிடந்த பூவைப் பாத்தாங்க. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிட்டு, போய்த் தொடப்பத்தை எடுத்துட்டு வந்துட்டாங்க. வருஷா வருஷம் அதைக் கூட்டினது அவங்கதானே! சபாபதி சார் ஓடி வந்து பிடிச்சாரு. "விடுங்கம்மா." ஜெபமணி இன்னொரு பக்கம் பிடிச்சாரு. "நீங்க விடுங்க சார், உங்களுக்குக் கூட்டவும் தெரியாது." ரெண்டு பேரும் சேந்து கூட்டினாங்க. சுமாராத்தான் கூட்டினாங்க.

சரி. கதை அங்க முடிஞ்சுது. இப்ப உங்ககிட்ட வர்றேன். சுதந்திரம் வாங்கிக் குடுத்தவங்களுக்கு நன்றி சொல்றோம். சொல்லணும். ஆனா நாடுங்கறது படத்துல இருக்கறவங்க மட்டுமா? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கறவரும் நாடுதான். தெருவைக் கூட்டறவங்களும் நாடுதான். அவங்க பேரு நமக்குத் தெரியாம ஒற்றுமை, ஒற்றுமைன்னு மேடையில கத்தி என்ன புண்ணியம்?

நீங்க உக்காந்திருக்கற நாற்காலி காலையில தானா நடந்து வரல. யாரோ தூக்கிட்டு வந்து போட்டிருக்காங்க. அவங்க பேரு யாருக்காவது தெரியுமா?

...தெரியல. எனக்கும் தெரியாது. அதோ, அந்தக் கடைசியில நிக்கிறாரே, நீலச் சட்டை... நீங்கதானே போட்டீங்க? இங்க முன்னாடி வாங்க. உங்க பேரு என்ன?

எல்லாரும் எந்திரிங்க. அவர் உக்காரட்டும்.