அத்தைக்கு மாப்பிள்ளையைத் தெரியாது

ஹலோ... ஆமா, நகிதெண்டேதான் பேசறேன், நமுபிருவோட அத்தை... யாரு, முலோண்டோ வாத்தியாரா? சொல்லுங்க மாப்பிள்ளை... இல்ல, கடைக்காரன் மேல தப்பு இல்ல. நான்தான் திருப்பி அனுப்பினேன்... ஆமா, ஆமா, நீங்க எனக்கு எடுத்த பட்டு கோமெசி உடுப்புதான். நல்ல பட்டு. அதக் கட்டிக்கிட்டு நான் எங்க போகப்போறேன்?... சனிக்கிழமை நிச்சயத்துக்கா? அதுக்கு என்கிட்ட பழசு இருக்கு, அது போதும்.

வருவேன், வராம எங்க போறேன். பந்தல்ல உங்க ஆளுங்கெல்லாம் வெள்ளை அங்கி போட்டு வரிசையா உக்காந்திருப்பாங்க. அத்தை வந்து மாப்பிள்ளையக் கண்டுபிடிச்சு பூ குத்தட்டும்னு சொல்வாங்க இல்ல? ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டே வருவேன். உங்க மூஞ்சியையும் பாப்பேன். பாத்துட்டு, இதுல எங்க மாப்பிள்ளை யாரும் இல்லையேன்னு சொல்லிட்டு, போய் உக்காந்துடுவேன்...

என்ன சிரிக்கறீங்க?... இல்ல, விளையாடல.

ஏன்னு கேக்கறீங்களா. உங்க கணக்கு வகுப்புல ஒரு பொண்ணு வெளிய போகணும்னு கேட்டா. ரெண்டு தடவ கேட்டா. நீங்க விடல. போர்டுல வந்து கணக்கப் போடுன்னீங்க... ஞாபகம் இல்லையா? சரி. எனக்கு இருக்கு. எழுந்து வந்தா, பாவாடையில கறை. பசங்க சிரிச்சானுங்க. நீ என்ன பண்ணின?... ஆமா, இனிமே நீதான், நீங்க எல்லாம் கிடையாது. அவ ஸ்வெட்டரக் கழட்டச் சொல்லி, அதாலயே பெஞ்ச துடைக்க வெச்ச. வீட்ல ஒண்ணும் சொல்லித் தரலையான்னு வேற கேட்ட...

தெரியாதா? என்னப்பா தெரியாது? பெரிய டீச்சரம்மா பிரசவத்துக்குப் போனப்ப அலமாரி சாவி யார் கைல இருந்துது? பொண்ணுங்களுக்குன்னு வந்த நாப்கின் பெட்டி உன் ஃபுட்பால், சாக்பீஸோட உள்ள பூட்டிக் கிடந்துதே... கேட்டா குடுத்திருப்பியா? நாப்பது பசங்க முன்னாடி உங்கிட்ட வந்து எந்தப் பொண்ணு கேப்பா? அவ பழைய மெத்தை ஸ்பான்ஜப் பிச்சு வெச்சுக்கிட்டு வந்திருக்கா. அது எவ்வளவு நேரம் தாங்கும்?

இரு... ஏ பொண்ணே, மடோக்கே வாழக்கா அடி பிடிக்குது, தண்ணி ஊத்து... ம், சொல்லு.

எனக்கு சொந்தமான்னா கேக்கற? சொந்தம் இல்ல. அவளுக்கு இதெல்லாம் சொல்லித்தர அத்தைன்னு யாருமே இல்ல. அம்மா ஏரிக்கரைல மீன் காயவைக்கப் போனா ஒரு வாரம் கழிச்சுத்தான் வருவா. அதான் எங்கிட்ட வந்து அழுதா. அன்னியோட படிப்பையும் விட்டுட்டா. கேக்க நாதியில்லைன்னா என்ன வேணா பண்ணலாமா?...

அண்ணன்கிட்ட சொல்லுவியா? தாராளமா சொல்லு. அண்ணன் பொண்ணப் பெத்தவன், அவ்வளவுதான். பூ என் கைல இருக்கு, அதக் குத்தினாத்தான் நிச்சயம்... நமுபிருவுக்குத் தெரியுமே. நேத்தே சொல்லிட்டேன். அவளும் அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவதான... உன் ஃபோன எடுக்க மாட்டேங்கறாளா? அதுக்கு நான் என்ன பண்ண?

ம்... ம்... பஸ் பேசியாச்சு, சரி. ஊரெல்லாம் சொல்லியாச்சு, சரி. மானம் போயிடுமா? போகட்டும். அந்தப் பொண்ணுக்குப் போன மாதிரி உனக்கும் போகட்டும். ஒளிச்சு என்ன, நீ கெஞ்சறதக் கேக்க எனக்கு நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் கெஞ்சு...

மன்னிப்பா? எங்கிட்ட எதுக்கு?... அவகிட்டயா. அதே வகுப்புல, அதே பசங்க முன்னாடியா... சாவிய இன்னிக்கே டீச்சருங்ககிட்ட குடுத்துடுவ... திரும்பப் படிக்கக் கூட்டிட்டு வருவ... ஆமா, ஆமா, கேக்குது. நல்லாப் பேசற.

சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவ பேரு என்ன?

யோசி, அவசரம் இல்ல... நன்சுபுகாவா? இல்ல... நபுகீராவா? அது பக்கத்துல உக்காந்த பொண்ணு. அன்னிக்கு சிரிக்காதது அவ ஒருத்திதான்... இல்ல... அதுவும் இல்ல... தம்பி, ஊர்ப் பேரையெல்லாம் சொல்லிட்டு வந்தா ஒண்ணு மாட்டும்னு பாக்கறியா?

நான் சொல்ல மாட்டேன். பஸ் நிலையத்துல சப்பாத்திக் கடை இருக்கில்ல, அங்கதான் தட்டு கழுவறா. போ. ராத்திரி போகாத, கூட்டம் இருக்கறப்ப போ. அவ முன்னாடி நின்னு, அம்மா, உன் பேரு என்னன்னு கேளு... பின்ன, எல்லார் காதுலயும் விழற மாதிரிதான்.

அவ சொன்னா எனக்கு ஃபோன் பண்ணு. சொல்லலேன்னா பண்ணாத.

வைக்கிறேன்.