சுவர் எறிந்த கல்

திகாம் பத்து ஊரின் ஹார்ட்வேர் கடை வரிசையில் எனக்கு முன்னால் டைல் பசையோடு நின்ற பெண், தன் தோழியிடம் சொன்னாள்:

"நேத்து பாத்ரூம் செவரு எங்க வீட்டுக்காரர கல்லால அடிக்கப் பாத்துச்சுக்கா."

"ஐயோ! அடி பட்டுச்சா?"

"வாளிதான் ஒடஞ்சுச்சு. வருஷா வருஷம் தீபாவளிக்கு அடிச்ச பெயிண்டு மேலயே கனமான கல்லு டைல ஒட்டினா நிக்குமா? இப்ப சிமெண்டு தெரியிற வரைக்கும் எல்லாத்தையும் சுரண்டுறாரு."

என் வீட்டுச் சுவர் நினைவுக்கு வர, காதைத் தீட்டிக்கொண்டேன்.

"முடிஞ்சுதா?"

"எங்க? ரோஸ் கலரு வந்ததும் நிறுத்திட்டாருலா. எங்க கல்யாண வருஷம் அடிச்சதாம். சுரண்ட மனசு வரலயாம்."

"நீ என்னடி சொன்ன?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அதுமேல ஒட்டினாலும் கல்லு விழுந்துரும், பெயிண்டு போனாலும் நான் எங்கயும் போகமாட்டேன், சுரண்டுங்கன்னேன்!"